போர்ட்ஃபோலியோவில் எதைத் தூக்குவது?

புகைப்படக்காரர் தன் வேலையைக் காட்டும் இணையதளம்தான் போர்ட்ஃபோலியோ. கல்யாணத்துக்குப் படமெடுக்க ஆள் தேடி அங்கே வருபவருக்குப் பறவைப் படம் எதற்கு? திருமணம், குழந்தைகள், விளம்பரப் பொருட்கள் என்று தனித்தனி ஆல்பமாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் 20 படம் போதும். ஒரே காட்சி மூன்று கோணத்தில் இருந்தால் இரண்டைத் தூக்கிவிடுங்கள். மனசு வராதுதான், எனக்கும் லேசில் வந்ததில்லை. இனிமேல் செய்ய விரும்பாத வேலையின் படங்களும் வேண்டாம். எதைக் காட்டுகிறோமோ அதையே கேட்டு வருவார்கள்.

அப்புறம், படங்களை எஸ்ஆர்ஜிபி (இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் வண்ண முறை, sRGB) வண்ணத்தில், நீளமான பக்கம் 2000 பிக்சல் இருக்கும்படி ஏற்றுங்கள். கேமராவில் தேர்ந்தெடுக்கக்கூடிய இன்னொரு வண்ண முறையான அடோபி ஆர்ஜிபியிலேயே (Adobe RGB) விட்டால் சில திரைகளில் நிறம் வெளிறித் தெரியும். முழு அளவில் போட்டால் மொபைலில் திறக்கவே நேரமாகும், வந்தவர் போய்விடுவார். தொடர்பு எண் எல்லாப் பக்கத்திலும் இருக்கட்டும்.