கோதுமை ஆகாத வயிறோடு லண்டன் வந்தவர்களுக்கு

பிரிட்டன் வந்து சில மாதத்திலேயே வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, அடிக்கடி பேதியாகிறது, எடை குறைகிறது, இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு போட்டாலும் ரத்தசோகை போகவில்லை என்றால், உடனே 'தண்ணி ஒத்துக்கலை, குளிர் ஒத்துக்கலை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஊரில் காலையில் இட்லி, மதியம் சோறு என்று இருந்தவர் இங்கே டோஸ்ட், சாண்ட்விச், பாஸ்தா என்று மூன்று வேளையும் கோதுமைக்கு மாறியிருப்பார். ஊரிலேயே சத்தமில்லாமல் இருந்த சீலியாக் நோய் இங்கே வந்ததும் வெளியே தெரிவதற்கு இது ஒரு காரணமாகலாம். இந்த நாட்டில் நூறில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கு. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும், அதனால் சாப்பிடும் சத்து உடம்பில் சேராது. இது அலர்ஜி இல்லை. பத்தியம் இருந்து குணமாக்கிவிட்டுப் பழையபடி சாப்பிடலாம் என்ற கதையும் இல்லை, ஆயுளுக்கும் விலக்குத்தான்.

முதலில் ஜிபி-யிடம், அதாவது உங்கள் பகுதிப் பொது மருத்துவரிடம், பதிந்துகொள்ளுங்கள். மாணவர் விசாவில் வந்தவர்களும் பதியலாம், விசாவுக்குக் கட்டிய பணத்தில் மருத்துவக் கட்டணமும் சேர்ந்துதான் இருக்கிறது. கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனை டிடிஜி ஐஜிஏ (tTG-IgA). ஐஜிஏ என்பது ரத்தத்தில் இருக்கும் ஒருவகை எதிர்ப்புப் பொருள். அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அது இயல்பிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு நோய் இருந்தும் முதல் சோதனை இல்லை என்று காட்டிவிடும்.

பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது, பலர் கோட்டைவிடுவது இங்கேதான். யாரோ சொன்னார்கள் என்று ஒரு மாதம் ரொட்டியை விட்டுவிட்டு, வயிறு கொஞ்சம் சரியானதும் சோதனைக்குப் போனால், நோய் இருந்தும் ஒன்றும் இல்லை என்று வந்துவிடலாம். ஏற்கனவே நிறுத்தியிருந்தால், சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம் தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை குளூட்டன் சாப்பிட வேண்டும் என்பது இங்குள்ள மருத்துவ வழிகாட்டுதல். சாப்பிட முடியாத அளவு வயிறு படுத்தினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றபடி பரோட்டாவுக்கு விடை கொடுக்க வேண்டுமென்றால் இந்த 6 வாரத்தில் கொடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் தெரிந்தால் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வைத்துக் குடலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள், அதுவரைக்கும் இதே விதிதான். ஆன்லைனில் விற்கும் 'உணவு ஒவ்வாமை' கிட்டுகளில் காசைக் கொட்டாதீர்கள், அவை இந்த நோயைக் கண்டுபிடிக்காது.

சரி, இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. அடுத்து எல்லோரும் செய்வது சூப்பர்மார்க்கெட்டில் குளூட்டன் இல்லாத ரொட்டி, பிஸ்கட் எல்லாம் அடுக்கியிருக்கும் 'ஃப்ரீ ஃப்ரம்' வரிசைக்கு ஓடுவது. சாதாரண ரொட்டியைவிடப் பல மடங்கு விலை, ஆனால் பாதி அளவு, அதுவும் மறுநாளே உதிரும். என்னைக் கேட்டால் அவசரத்துக்கு ஒரு பாக்கெட் ஃப்ரீசரில் கிடந்தால் போதும். இட்லி, தோசை, சோறு, ரசம், கூட்டு, கேழ்வரகுக் கூழ், கம்பங்களி, தினைப் பொங்கல், அடை என்று குளூட்டனே இல்லாத சமையல் நம் கையில் இருக்கிறது. வெள்ளைக்காரச் சீலியாக் நோயாளிக்கு இந்த வசதி கிடையாது, பாவம்.

ஆனால் நம் சமையல்தானே என்று கண்ணை மூடிக்கொண்டும் சாப்பிட முடியாது. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பொடி எழுத்தில் பிசின், கோதுமை மாவு எல்லாம் வந்த பிறகுதான் பெருங்காயமே வரும். கட்டியாக இருந்தால் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம், அதிலும் மாவு சேர்ப்பது உண்டு. அந்த ஒரு சிட்டிகை சாம்பாரில், ரசத்தில், ஊறுகாயில், அப்பளத்தில், கடைச் சாம்பார்ப் பொடியில் என்று எல்லா இடத்துக்கும் போய்விடுகிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தமிழ்க் கடைகளில் தேடினால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் பூண்டைத் தட்டிப் போட்டு வேலையை முடியுங்கள்.

யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே தோசைக்கே உளுந்தோடு கோதுமை மா கரைப்பது வழக்கம். இடியப்பத்திலும் புட்டிலும் அரிசி மாவோடு கோதுமை மா கலப்பார்கள், கடையில் விற்கும் முறுக்கிலும் இருக்கும். சென்னைக்காரர் 'தோசைதானே' என்று இலங்கைத் தமிழ்க் கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வார். ரவை, சேமியா, கேசரி, திருநெல்வேலி அல்வா எல்லாம் கோதுமை என்பது தெரிந்ததுதான். தெரியாமல் இருப்பது ஹார்லிக்ஸ், மைலோ, மார்மைட் (பார்லி இருக்கிறது), ஊரிலிருந்து அம்மா அனுப்பும் சத்துமாவு (வறுத்த கோதுமையும் பார்லியும் இருக்கும்), சோயா சாஸ், சாதாரண கார்ன்ஃப்ளேக்ஸில் சேர்க்கும் பார்லி மால்ட். இந்த விலக்குப் பட்டியலில் பீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேபிள் படிப்பது இந்த நாட்டில் சுலபம். குளூட்டன் உள்ள தானியத்தின் பெயரை, அதாவது வீட், பார்லி, ரை, ஓட்ஸ் என்று, சேர்பொருள் பட்டியலில் தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ எடுத்துக்காட்ட வேண்டும் என்பது சட்டம். குளூட்டன் என்ற சொல்லைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், தானியத்தைத் தேடுங்கள். 'வீட் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் பார்லி இருக்கலாம். 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஓட்ஸ் என்றால் அப்படிப் போட்ட பாக்கெட் மட்டும் வாங்குங்கள், அதுவும்கூட ஒரு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இறக்குமதிப் பாக்கெட்டில் விலை ஸ்டிக்கர் பட்டியலை மறைத்துக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கடலை மாவும் அரிசி மாவும் பல சமயம் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரைபடும், பாக்கெட்டின் பின்னால் அந்த எச்சரிக்கை இருக்கும். அரிசி பருப்பை முழுசாக வாங்கி, பொறுக்கி, கழுவி வீட்டில் அரைப்பது நிம்மதி. கிரைண்டர் வாங்கிய காசு ஃப்ரீ ஃப்ரம் பில்லில் மிஞ்சிவிடும். சீலியாக் யூகே என்ற தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தால் பார்கோடை ஸ்கேன் செய்து பார்க்கும் செயலி தருகிறார்கள்.

நாலு பேர் சேர்ந்து தங்கும் வீடுதான் பெரிய தலைவலி. டோஸ்டர், சப்பாத்திப் பலகை, மாவுச் சல்லடை, மரக்கரண்டி, தோசைக்கல் இவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டித் தூள் ஒட்டிய கத்தி போன வெண்ணெய் டப்பா உங்களுக்கு ஆகாது. சமோசா பொரித்த எண்ணெயில் போட்ட உளுந்து வடையும் ஆகாது. ஹோட்டலில் 'குளூட்டன் இருக்கா' என்று கேட்டால் 'அரிசிதான் தம்பி, தைரியமா சாப்பிடுங்க' என்பார்கள், ஆகவே துருவிக் கேளுங்கள்: சாம்பாரில் எந்தப் பெருங்காயம், வடை எந்த எண்ணெயில், அதே கல்லில் பரோட்டா போடுகிறீர்களா. அலர்ஜி விவரம் கேட்டால் சொல்ல வேண்டியது அவர்கள் சட்டப்படியான கடமை, கூச்சப்படாதீர்கள். கல்யாண வீட்டில் கரண்டிகள் இடம் மாறுவதற்கு முன்னால், பந்தியில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். 'ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது' என்று அன்பாக ஊட்ட வரும் அத்தையிடம், நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன்கூடத் தொடர்ந்து போனால் குடல் மறுபடி கெடும் என்று ஆய்வு காட்டியிருக்கிறது, ஒரு துண்டு ரொட்டியில் கிராம் கணக்கில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் டாக்டர் பேரைச் சொல்லுங்கள், அதற்கு மரியாதை அதிகம்.

கத்தோலிக்கர்களுக்கு ஒன்று: முழுக்கக் குளூட்டன் இல்லாத நற்கருணை அப்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை, குளூட்டன் மிகக் குறைந்த அப்பம் உண்டு, அதுவும் வேண்டாமென்றால் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம். பூசைக்கு முன்பே சாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

ரொட்டியும் மாவுக் கலவையும் மருந்துச் சீட்டில் கிடைப்பது இங்கிலாந்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், பல இடங்களில் நிறுத்திவிட்டார்கள், ஜிபி-யிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு மருந்துக்கடையிலேயே பதிந்து வாங்கும் திட்டம் இருக்கிறது. உணவியல் நிபுணரைப் பார்க்க அனுப்பச் சொல்லுங்கள், எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள், வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போங்கள். அப்புறம், பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளுக்குப் பத்தில் ஒருவருக்கு இது இருக்க வாய்ப்புண்டு. ஊரில் இருக்கும் தங்கைக்கும் ரத்தசோகை தீராமல் இருந்தால் அதே டிடிஜி சோதனையை அங்கே எடுக்கச் சொல்லுங்கள், அதுவரை சப்பாத்தியை நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்து.