பிள்ளைகளின் வீட்டு வேலைக்கு டோக்கன்: விலை வைப்பதில்தான் சூட்சுமம்

வேலை செய்தால் டோக்கன், டோக்கன் சேர்ந்தால் பிள்ளை கேட்கும் ஏதோ ஒன்று. இதில் புதுமை எதுவும் இல்லை. 1960களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து மனநல மருத்துவமனை ஒன்றில் அய்லான், அஸ்ரின் என்ற உளவியலாளர்கள் நோயாளிகளிடம் இதை நடத்திப் பார்த்து, 1968இல் நூலாகவும் எழுதினார்கள். எங்கள் வீட்டில் ஓடுவது அதன் எளிய வடிவம்.

1. வேலைப் பட்டியல்

மூன்று, நான்கு வேலை போதும். "அறையைச் சுத்தமாக வை" என்று எழுதினால் தினமும் வாக்குவாதம்தான். "தரையில் கிடக்கும் பொம்மைகளைப் பெட்டியில் போடு" என்று எழுதுங்கள். முடிந்ததா இல்லையா என்பது பார்த்தாலே தெரியும்.

பிள்ளை தானாகவே ஆசையாகச் செய்வதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், பரிசு உண்டு என்று முன்பே சொல்லிப் படம் வரைய வைத்த நர்சரிக் குழந்தைகள், பிறகு பரிசில்லாத நேரத்தில் வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். செடிக்குத் தண்ணீர் விடுவது உங்கள் பிள்ளைக்குப் பிடிக்குமா? அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

2. டோக்கன்

பெரிய பிளாஸ்டிக் வில்லைகளும் ஒரு கண்ணாடி ஜாடியும். என்னைக் கேட்டால் செயலி வேண்டவே வேண்டாம்: எண்ணிக்கை பார்க்கிறேன் என்று போனைக் கையில் எடுக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும். வீட்டில் மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் சிறிய பொருள் எதுவும் கூடாது, தொண்டையில் சிக்கும். சுவரில் தாள் ஒட்டி நட்சத்திரம் போடுங்கள்.

3. விலை

பெரும்பாலான வீடுகளில் இது படுத்துவிடுவது இந்த இடத்தில்தான். பொம்மைக்கு நூறு டோக்கன் என்று முழு எண்ணாக வைத்துவிடுகிறோம். பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று டோக்கன் சம்பாதித்தால் நூறு சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஐந்து வயதுக்கு ஒரு மாதம் என்பது ஒரு யுகம்.

அதனால் முதலில் ஒரு நாள் சம்பாத்தியத்தைக் கணக்கிடுங்கள். எல்லா வேலையும் செய்தால் கிடைப்பதை அல்ல, சாதாரணமான ஒரு நாளில் கிடைப்பதை. அது மூன்று என்றால், மிகச் சிறிய பரிசு இரண்டு டோக்கன்: தூங்கும் முன் கூடுதலாக ஒரு கதை. நடுத்தரப் பரிசு பத்து. பெரியது நாற்பது, அதாவது சுமார் இரண்டு வாரம். முதல் நாளே ஏதாவது ஒன்றை வாங்க முடிய வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரிய பரிசே வேண்டாம், அன்றைய டோக்கனுக்கு அன்றே பரிசு.

விலையை மாற்றலாம். ஆனால் பிள்ளை சேர்த்து முடிக்கும் நேரத்தில் ஏற்றினால் அதோடு நம்பிக்கை போயிற்று. வழக்கமாகப் படிக்கும் கதை, சாப்பாடு, கொஞ்சல் இவையெல்லாம் விற்பனைக்கு இல்லை. கடனும் கிடையாது.

4. கொடுப்பது

வேலை முடிந்த உடனே, எதற்கு என்று சொல்லிக் கொடுங்கள்: "சொல்லாமலே துணியைக் கூடையில் போட்டாயே, இந்தா." ராத்திரி மொத்தமாகக் கணக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் பாதி விளைவு போய்விடும். கோபத்தில் ஜாடியிலிருந்து திரும்ப எடுக்காதீர்கள். தம்பியை அடித்ததற்கு வேறு நடவடிக்கை எடுங்கள். பொம்மை அடுக்கிச் சம்பாதித்தது சம்பாதித்ததுதான்.

5. குறைப்பது

ஒரு வேலை பழக்கமாகிவிட்டால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்க்கவும். பாராட்டை மட்டும் நிறுத்த வேண்டாம்.

பின்சேர்க்கை: "எதைச் சொன்னாலும் 'எத்தனை டோக்கன்?' என்று கேட்கிறான்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். "பட்டியலில் இருக்கிறதா, பார்" என்பதே பதில். இல்லையென்றால் அது வீட்டில் எல்லோரும் சும்மா செய்யும் வேலை, பேரம் கிடையாது. அப்புறம், இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு ஜாடி, வயதுக்கேற்ப இரண்டு பட்டியல். யாருடையது நிறைந்தது என்ற போட்டி தொடங்கினால் ஜாடிகளை வேறு வேறு அறையில் வையுங்கள்.