போகாத வேலைக்கும் ஒரு நேரசூசி போடுங்கள்

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் சரக்குக் கம்பனியில் நான் கணக்காளர். மனசுக்குள் மட்டும் உயர்தர வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பிக்கும் ரியூஷன் ரீச்சர். என் வீட்டுக்காரருக்கு வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது, அதுவும் மனசுக்குள்தான். இந்தக் கற்பனை வேலையை விரட்டத் தேவையில்லை. மேலதிகாரி ஏசிய நாளில் அதை நம்பி இராஜினாமா எழுதவும் வேண்டாம். உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

முதலில் அந்த வேலையின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள். எழும்பும் நேரம், சமைப்பது யார், பிள்ளையைக் கூட்டி வருவது யார், எல்லாம். நான் எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். ரியூஷன் அதற்குப் பிறகுதான் தொடங்கி இரவு வரை இழுபடும். சனி ஞாயிறு விடிய வெள்ளனவே வகுப்பு. அதாவது என் பிள்ளைகள் வீட்டில் நிற்கும் நேரமெல்லாம் நான் ஊரார் பிள்ளைகளோடு நிற்பேன். இப்போது கோட்டையில் ரயில் ஏறினால் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டி வெள்ளவத்தையில் இறங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுப்பாடம் பார்க்க உட்கார்ந்துவிடுவேன். நெரிசலில் நசுங்கினாலும் மாலை கையில் இருக்கிறது.

இவருடைய கடைக்கு இடியப்பம், சொதி, சம்பல் என்று பட்டியல்கூடத் தயார். மரக்கறிக்கு விடியப்புறம் யார் போவது என்று கேட்டேன். மெனிங் மொத்தச் சந்தை புறக்கோட்டையை விட்டுப் பேலியகொடைக்குப் போய்விட்டது. சரி, அதையும் விடுவோம். காலை ஆறு மணிக்கு இடியப்பம் அவிக்கிறவர் மகளுக்குத் தலை இழுத்துப் பள்ளிக்கூட வானில் ஏற்றுவது எப்படி? “நீர் இருக்கிறீர்தானே” என்றார். அந்த வரியையும் நேரசூசியில் என் பெயருக்கு நேரே எழுதினேன். யாருடைய கனவு யாருடைய காலை நேரத்தைத் தின்கிறது என்பது அப்படி எழுதினால்தான் தெரியும்.

அடுத்தது, அந்த வேலையில் உங்களை இழுப்பது எது என்று பிரித்தெடுங்கள். காசு, பெயர், சுதந்திரம் என்று ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வாருங்கள். எதை வெட்டினால் ஆசையே போய்விடுகிறதோ அதுதான் சங்கதி. எனக்கு அது விளங்கப்படுத்துவது. அதற்கு வேலையை விடவேண்டியதில்லை. புதிதாக வரும் பயிலுநர்களை என்னிடம் விடச்சொல்லிக் கேட்டேன். போன மாதம் ஒரு பிள்ளை, கம்பனியின் காசேட்டையும் வங்கிக்கூற்றையும் ஒத்துப்பார்க்கும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றில் முட்டிக்கொண்டு நின்றாள். காசேட்டின் மேல் அடிமட்டத்தை வைத்து வங்கிக்கூற்றோடு வரிவரியாக ஒப்பிட்டு இறக்கிக்கொண்டே வந்தவள், இன்னும் மாற்றப்படாத காசோலையைத் தானே கண்டுபிடித்துப் பென்சிலால் வட்டம் போட்டாள். அன்று முழுக்க எனக்குச் சம்பளம் கூடினது போலிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் வேலையை விடத்தான் வேண்டும் என்றால் திகதியைப் பாருங்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தால்தான் வேலையை விடும்போது பணிக்கொடை கிடைக்கும். மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம். நாலரை வருடத்தில் ரோஷப்பட்டு எழும்பிப் போவதுபோல் நட்டம் வேறில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் போக, முதலாளி போடும் 12 சதவீதமும் அதோடு நின்றுவிடும். சொந்தத் தொழிலில் அதை யார் போடுவார்கள் என்பதற்கும் பதில் வேண்டும். மாமியின் ஓய்வூதியப் பிரசங்கத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதற்கு முடிவே கிடையாது.

கணக்கு ஒத்துவந்தால் சின்னதாகச் செய்து பாருங்கள். இவர் இப்போது போயா விடுமுறை நாட்களில் எங்கள் மாடிவீட்டுக்காரருக்கு மட்டும் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். சட்டி கழுவுவதும் அவர்தான், அது நிபந்தனை. இந்தப் பரீட்சைக்குத் தொடங்கும்போதே ஒரு முடிவுத் திகதி போடுங்கள். வீட்டில் ஒருவருக்கு வேலை குவியும் மாதத்தில் தொடங்கவேண்டாம். எங்களைப் போன்ற கணக்குக்காரர்களுக்கு அது பங்குனி, சித்திரை. வருடக் கணக்கு மூடும் நேரம். பிள்ளைகளுக்குச் சோதனை நடக்கும் தவணை முடிவையும் தவிருங்கள்.