பலகையில் 80, முள்ளில் 90: பிரான்ஸின் நாட்டுப்புற வீதிகளில் விடக் கூடாத பிழைகள்

கோடை விடுமுறைக்குப் பாரிஸை விட்டு நாட்டுப்புறம் இறங்கும்போது நம் ஆட்களின் காருக்குள் தவறாமல் எழும் பேச்சு இது: "80 எண்டு போட்டிருக்கு, ஒருத்தரும் மதிக்கிறேல்லை. பிறகென்னத்துக்கு நாங்கள் மட்டும்?" இந்தக் கேள்வியில் இருக்கிறது முதல் பிழை.

நடுவில் தடுப்பில்லாத இருவழி வீதிகளில் மணிக்கு 90 கிலோமீற்றராக இருந்த வேக எல்லை 2018 யூலை 1 அன்று 80 ஆனது. ஏறக்குறைய 4 லட்சம் கிலோமீற்றர் வீதி. அப்போதைய பிரதமர் எதுவார் பிலிப் பிடிவாதமாக நின்று கொண்டுவந்த மாற்றம் அது. அந்த நவம்பரில் தொடங்கிய மஞ்சள் அங்கிப் போராட்டத்தில், அரசுக்கு எதிரான அந்தக் கொந்தளிப்பில், நாட்டில் வேகம் பிடிக்கும் ரேடார்களில் பாதிக்கு மேல் சேதமாகின. அப்படியிருந்தும் கார்களின் சராசரி வேகம் 3.3 கிலோமீற்றர் இறங்கியதாக அரச ஆய்வு நிறுவனமான செரெமா அளந்து சொன்னது. பாதிப் பேருக்கு மேல் 80ஐத் தாண்டித்தான் ஓடினார்கள். ஆனால் முன்பு 90இல் போனவர் 87க்கு வந்தார், 86இல் போனவர் 83க்கு வந்தார். 2013 முதல் 2017 வரையான காலத்தோடு ஒப்பிட்டால், முதல் 20 மாதங்களில் அந்த வீதிகளில் 349 உயிர்கள் தப்பின.

மூன்று கிலோமீற்றரில் என்ன வரப்போகிறது என்று நினைக்க வேண்டாம். சராசரி வேகம் 1 வீதம் குறைந்தால் சாவுகள் 4 வீதமளவில் குறையும் என்பது சுவீடனின் யோரான் நில்சன் வகுத்த கணக்கு. நீங்களே போட்டுப் பார்க்கலாம். காய்ந்த வீதியில், ஒரு செக்கனில் சுதாரித்து பிரேக்கை மிதிக்கும் சாரதி, 80இல் வந்தால் ஏறக்குறைய 57 மீற்றரில் நிற்பார். 90இல் வந்தவருக்கு 70 மீற்றர் வேண்டும். அந்த 57ஆவது மீற்றரில் ஒரு பிள்ளை நின்றால் முதல் கார் தொடாமல் நிற்கும். இரண்டாவது கார் அந்த இடத்தில் இன்னும் 45க்கு மேல் வேகத்தோடு வரும். ஆகவே "மற்றவன் மதிக்கிறான் இல்லை" என்பது காரணமே அல்ல. உங்கள் காருக்கு முன்னால் உள்ள அந்த 13 மீற்றர் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது, பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்குப் பயந்து வேகம் கூட்டுவது. இரண்டு பக்கமும் பிளாத்தான் மரங்கள் நிரையாக நின்ற ஒரு வீதி. நான் 80இல் போகிறேன். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி முழுக்க ஒரு வெள்ளை வான் வண்டியின் முகம். பக்கத்தில் சித்தப்பா, "தம்பி, உவன் முட்டப்போறான், கொஞ்சம் அமத்து" என்கிறார். அமத்தினேன். 95இல் ஒரு வளைவு வந்தது. வெளிப்பக்கச் சில்லு புல்லில் ஏறிச் சரளைக்கல் அடித்த சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. வானும் விடவில்லை, 95இலும் அதே இடைவெளியில்தான் வந்தது. ஒட்டி வருபவர் எந்த வேகத்திலும் ஒட்டித்தான் வருவார். நேரான இடம் வரும்வரை ஒரே வேகத்தில் போங்கள். வந்ததும் வலப்பக்கம் ஒதுங்கி, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து அவரைப் போக விடுங்கள்.

நீங்களே முந்தப் போவது அதைவிடப் பெரிய பிழை. 80இல் போகும் காரை 90இல் முந்த வேண்டுமானால் அதைவிட 50 மீற்றராவது கூடுதலாக ஓட வேண்டும். வேக வித்தியாசம் செக்கனுக்கு 2.8 மீற்றர்தான். ஆக 18 செக்கன் எதிர்ப்பக்கத்தில் நிற்பீர்கள், 450 மீற்றர் ஓடியிருப்பீர்கள். எதிரே வரும் காரும் அந்த நேரத்தில் 400 மீற்றர் வந்துவிடும். 850 மீற்றர் வெறுமையாகத் தெரிகிற இடம் நாட்டுப்புற வீதியில் எத்தனை இருக்கிறது? சட்டப்படி முந்தும்போதும் எல்லை 80தான். இவ்வளவு ஆபத்தில் கிடைக்கும் லாபம், 25 கிலோமீற்றருக்கு இரண்டு நிமிடம்.

இலக்கத்தை மட்டும் தேடுவதும் புதியவர்கள் விடும் பிழை. ஊருக்குள் நுழையும்போது 50 என்ற பலகை பெரும்பாலும் இருக்காது. சிவப்புக் கரையுள்ள வெள்ளைப் பலகையில் ஊரின் பெயர் இருக்கும், அதுதான் 50. அதே பெயர் குறுக்கே வெட்டப்பட்டிருந்தால் ஊர் முடிந்தது, மீண்டும் 80. சில மாவட்டங்களில் அதுவும் மாறும். 2019 டிசெம்பரில் வந்த போக்குவரத்துச் சட்டம் மாவட்டங்களுக்குத் தங்கள் வீதிகளை மீண்டும் 90 ஆக்க அனுமதி கொடுத்தது, ஓத்-மார்ன் போன்றவை உடனே ஆக்கின. போனில் ஓடும் வரைபடம் காட்டும் இலக்கத்தை நம்பி 90இல் போகாதீர்கள். பலகை இல்லையென்றால் 80 என்றே எடுங்கள்.

இன்னொன்று, எல்லையை எட்ட வேண்டிய இலக்காக நினைப்பது. அயர்லாந்தில் இதன் விளைவு நன்றாகத் தெரிந்தது. நடுவில் புல் முளைத்த, இரண்டு கார் விலத்த முடியாத ஒழுங்கைகளிலும் 80 என்ற எல்லையே இருந்தது. 2025 பெப்ரவரி 7 முதல் அத்தகைய உள்ளூர் வீதிகளின் பொது எல்லையை 60 ஆக்கினார்கள். அங்கேயும் வளைவு 30தான் கேட்டால் 30தான்.

ரேடார் 5 கிலோமீற்றர் விட்டுக்கொடுக்கும் என்று 85இல் நிலையாக ஓடுகிற பழக்கமும் நம்மிடம் உண்டு. அந்த 5 இயந்திரத்தின் அளவைப் பிழைக்காக விடப்பட்டது. அதைக் கழித்த பிறகும் 81 வந்தால் 68 யூரோத் தண்டம் வீடு தேடி வரும். 5க்குக் குறைவான மீறலுக்குச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் புள்ளி வெட்டுவதை 2024 சனவரியில் நிறுத்தினார்கள், தண்டத்தை நிறுத்தவில்லை. இப்போதைய கார்களில் பெரும்பாலும் வேகத்தைக் கட்டும் பொத்தான் இருக்கிறது. வெட்டிய ஊர்ப்பெயர்ப் பலகையைக் கடந்ததும் அதை 80இல் போட்டுவிட்டால் முள்ளைப் பார்க்கத் தேவையில்லை, கண் வீதியில் இருக்கும்.