பாடசாலைச் செய்திகளைப் பிள்ளையின் பக்கமிருந்து வாசித்தல்: பெற்றோருக்கான செய்முறை

சென்ற ஆண்டு தரம் 4இல் படித்த என் மகள், மூன்று வாரங்களாகப் பாடசாலை நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி என்று அழுதாள். வைத்தியர் பரிசோதித்து, உடலில் குறையொன்றும் இல்லை என்று சொன்ன பின், "சனி, ஞாயிறிலும் வலிக்கிறதா?" என்று கேட்டார். வலிக்கவில்லை. காரணம் வகுப்பு வட்ஸ்அப் குழுவிலேயே இருந்தது. அவளுக்கு அருகில் அமர்ந்திருந்த பிள்ளை குடும்பத்துடன் கனடா செல்வதாகவும், வெள்ளிக்கிழமை பிரியாவிடை என்றும் வகுப்பாசிரியர் அறிவித்திருந்தார். நானோ அந்த வரியைத் தாண்டிச் சென்று, அதற்குக் கீழே இருந்த தவணைப் பரீட்சை நேரசூசியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

அதன்பின் எங்கள் வீட்டில் பழக்கிக்கொண்ட முறை இது.

படி 1: செய்திகளை இரண்டாகப் பிரியுங்கள்

குழுவின் ஒலியை நிறுத்திவிட்டு, இரவு 8 மணிக்கு ஒரு முறை மட்டும் வாசியுங்கள். ஒரு கொப்பியின் பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் நாட்களையும் கொண்டுபோக வேண்டிய பொருட்களையும், வலப்பக்கம் பிள்ளையின் மனதைத் தொடக்கூடியவற்றையும் எழுதுங்கள். ஆசிரியர் மாற்றம், இருக்கை மாற்றம், நண்பரின் விலகல், இல்ல விளையாட்டுப் போட்டிக்கான தெரிவு ஆகியவை வலப்பக்கத்துக்கு உரியவை. இடப்பக்கத்தில் உள்ளவற்றைச் சுவர் நாட்காட்டிக்கு மாற்றுங்கள். இதற்குக் கைத்தொலைபேசியை விடத் தாள் நாட்காட்டியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளை தானே எட்டிப் பார்த்து, நாளை என்ன நடக்கும் என்று அறிந்துகொள்ள முடிகிறது.

குழுவில் பகிரப்படும் மற்றப் பிள்ளைகளின் புள்ளிகளை வீட்டில் உரக்க வாசிக்காதீர்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது இது மிக முக்கியம். அந்தப் பரீட்சை உதவிப்பணத்துக்கும் பிரபல பாடசாலைகளில் அனுமதி பெறுவதற்கும் உரியது. தரம் 6இலும் அதே பாடசாலையில் தொடரவிருக்கும் பிள்ளை, தெரிவுக்கான குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளியை எட்டாவிட்டாலும், அங்கே படிப்பைத் தொடரத் தடையில்லை.

படி 2: வந்தவுடன் எதையும் கேட்காதீர்கள்

நான் இடறி விழுந்த இடம் இதுதான். 1.30 மணிக்குப் பாடசாலை விட்டு, கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வரும் பாடசாலை வான் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் நிற்கும்போது, கதவைத் திறக்கும் முன்பே "கணிதத்துக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்பது என் வழக்கமாக இருந்தது. ஆறு மணித்தியாலம் பிறர் சொற்படி நடந்து, வெயிலில் வாடி வந்த பிள்ளைக்கு அது இன்னுமொரு பரீட்சை. "ஒன்றுமில்லை", "தெரியாது" என்ற இரண்டு பதில்களே கிடைத்தன.

இப்போது சீருடையை மாற்றி, சாப்பிட்டு முடியும் வரை பாடசாலையைப் பற்றி நான் பேசுவதில்லை. பின்னேரம் இருவரும் அருகருகே அமர்ந்து முருங்கையிலை உருவுவோம். கண்ணைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை விட, கைவேலையின் நடுவே கேட்கும் கேள்விக்குப் பிள்ளை இலகுவாகப் பதில் சொல்கிறது. வலப்பக்கத்தில் எழுதியவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, "இடைவேளையில யாரோட இருந்தீங்கள்?" என்பது போலச் சிறிதாகக் கேளுங்கள். நான் முதன்முதலில் அப்படிக் கேட்ட அன்று அவள் ஒரு காம்பை எடுத்து நெடுநேரம் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் தனியத்தான் சாப்பிடுறன் அம்மா. அவ இருந்த கதிரையில புத்தகப்பையை வைக்கிறன்" என்றாள். "அதற்கென்ன, வேறு நண்பர்கள் இருக்கிறார்கள்தானே" என்று சொல்ல வாய் வந்தது. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். "அவ இல்லாதது கஷ்டமாத்தான் இருக்கும்" என்ற ஒரு வரி போதும். மிச்சத்தைப் பிள்ளையே சொல்லும்.

படி 3: வகுப்பாசிரியருக்குச் சுருக்கமாக எழுதுங்கள்

குழுவில் அல்ல, தனிப்பட்ட முறையில், மூன்று வரிகளில் எழுதுங்கள்: நீங்கள் கண்டது, எப்போதிருந்து, நீங்கள் கேட்கும் உதவி. நான் இடைவேளையில் அவளை ஒரு சிறு குழுவுடன் சேர்த்துவிடும்படி மட்டும் கேட்டேன். ஆசிரியர் அவளையும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் வகுப்பு நூலக அலுமாரிக்குப் பொறுப்பாக்கினார். வயிற்றுவலி படிப்படியாகக் குறைந்தது.

படி 4: உறக்கமும் விளையாட்டும்

இந்த வயதில் இரவுக்கு 9 முதல் 11 மணித்தியாலம் உறக்கம் தேவை. காலை 5.30க்கு எழ வேண்டிய பிள்ளை 8.30க்குள் உறங்க வேண்டும் என்பது அதன் பொருள். மாலை ரியூஷன் இதற்கு இடம்விடவில்லை என்றால், ஒரு வகுப்பைக் குறைப்பதே சரி. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட மிதமான அல்லது தீவிரமான உடலசைவைப் பரிந்துரைக்கிறது. மாடிவீட்டுப் பிள்ளைகளுக்குக் கடற்கரையோ விகாரமகாதேவி பூங்காவோ உதவும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

வலியோ அழுகையோ வாரக்கணக்கில் நீடித்தால், பிள்ளை உணவையும் விளையாட்டையும் விலக்கினால், வைத்தியரிடம் செல்லத் தாமதிக்காதீர்கள். பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை சிறுவர்களுக்கென்றே உள்ள அரச வைத்தியசாலை. யாரேனும் பிள்ளையைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

பின்சேர்க்கை

இதை வாசித்த சில பெற்றோர், தங்கள் குழுவில் செய்திகள் சிங்களத்தில் வருவதால் நாட்களை மட்டுமே புரிந்துகொள்ள முடிகிறது என்று எழுதியிருந்தார்கள். மொழிபெயர்ப்புச் செயலி நாளையும் பொருளையும் ஓரளவு சரியாகத் தருகிறது. வலப்பக்கத்துக்குரிய செய்தியின் தொனியை அது தவறவிடுகிறது. இரு மொழியும் அறிந்த ஒரு பெற்றோரிடம் வாரம் ஒரு முறை அந்தச் செய்திகளைக் கேட்டறிவதே நல்லது. இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் அம்மம்மாவோ அப்பம்மாவோதான் பிள்ளையை வானிலிருந்து இறக்குகிறார் என்றால், படி 2ஐ முதலில் அவருக்கே விளக்கிச் சொல்லுங்கள்.