பழைய கடற்பாசித் தாள்களைப் படமெடுக்கும்போது

கடற்பாசியை அழுத்தி உலர்த்தி ஒட்டிவைத்த சேகரிப்புத் தாளை ஸ்கேனரில் கவிழ்க்க வேண்டாம். சர்காசம் என்ற பழுப்புப் பாசியின் மிதவைப் பைகள் நசுங்கும். சுண்ணாம்பேறிய ஹாலிமெடா என்ற பச்சைப் பாசி துண்டு துண்டாக உதிரும். தாளை மேசையில் கிடத்தி, ஸ்டாண்டில் பொருத்திய கேமராவால் நேர் மேலிருந்து எடுங்கள். 42 செ.மீ. தாளுக்கு 24 மெகாபிக்சல் கேமரா இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேல் கிடைக்கும். அளவுகோல், வண்ண அட்டை, பார்கோடு மூன்றும் படத்துக்குள் இருக்கட்டும். மூலக் கோப்பை டிஃப் (TIFF) வடிவில் வையுங்கள். ஜேபெக் பார்வைக்கு மட்டும்.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில், குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்த தாள் சுருளும். பாசி பிய்ந்துகொண்டு வரும். ஆகவே சேமிப்பறையிலேயே படமெடுப்பதுதான் நல்லது.

உண்மையில் கவனம் கேட்பது, பாசியைச் சேகரித்த இடத்தைச் சொல்லும் லேபிள்தான். ‘புலாவ் பிளாக்காங் மாத்தி’ என்றிருந்தால் அது இன்றைய செந்தோசா தீவு. எழுதியிருப்பதை அப்படியே ஒரு கட்டத்திலும், இன்றைய பெயரை வேறொரு கட்டத்திலும் பதியுங்கள். கடலைத் தூர்த்த பகுதிகளில் இன்றைய வரைபடத்தை நம்பி ஆயத்தொலைவு குறித்தால் பாசி தரையில் முளைத்ததாகிவிடும்! சேகரித்த காலத்து வரைபடத்தில் இடத்தைக் கண்டுபிடித்து, எத்தனை மீட்டர் பிசகலாம் என்பதையும் சேர்த்தெழுதுங்கள். கரையோரம் எப்படி மாறியது என்று தேடுகிறவருக்கு அந்த எண் படத்தைவிடப் பயன்படும்.