ஞாயிறு ஆராதனைக்குச் சனிக்கிழமையே பானை கழுவுங்கள்

யாங்கோனில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவக் கோவிலில் பத்தொன்பது வருஷமாக நான் கோவில்பிள்ளை. மணி அடிப்பது, பீடத்துணி மாற்றுவது, கூட்டுவது எல்லாம் என் வேலை. "உண்மையா ஆராதிக்கிறதுன்னா எப்படிண்ணே?" என்று வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். சபைப் போதகரான ஐயர் சொல்லவேண்டிய பதில்தான். எனக்குத் தெரிந்த வேலையை வைத்து நானும் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலமே தொடங்குங்கள். எங்கள் வாசலில் இரண்டு மண்பானைகளில் தண்ணீர் இருக்கும். தெருவில் போகிறவர்கள் குடிக்க இப்படி வைப்பது பர்மாக்காரர் வழக்கம், 'யேஓஸின்' என்பார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நாங்களும் வைத்தோம், அதைச் சொல்வதில் வெட்கமில்லை. பானையைத் தேங்காய் நாரால் மட்டும் தேயுங்கள். சோப்பு வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரில் வாடை அடிக்கும். அடியில் பிடிக்கிற பாசி கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் வழுக்கும். புதுப்பானை என்றால் ஒரு நாள் முழுக்க நீர் நிரப்பி ஊறவிட்டு, அதைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். அப்புறம் காய்ச்சி ஆறிய தண்ணீர், மேலே மூடி, கவிழ்த்த கோப்பை. ஏப்ரல் வெயிலில் காலை பத்து மணிக்கே பானை காலி. அதனால் ஆராதனை நடுவிலும் ஒருவர் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் கரண்ட் போய் மோட்டார்கள் நின்றபோது, கோவில் கிணற்றில் இறைத்து இறைத்து இந்தப் பானைகளைத்தான் நிரப்பினோம்.

நான் சறுக்கியதும் இதில்தான். ஒரு குருத்தோலை ஞாயிறு, ஓலைகளை ஒழுங்குபடுத்துகிற மும்முரத்தில் பானையை மறந்துவிட்டேன். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற ஒரு பெரியவர் கோப்பையை உள்ளே விட்டார். அது காய்ந்த மண்ணில் கரகரவென்று உரசியது. கோப்பையை லுங்கியில் துடைத்து, இருந்தபடியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். உள்ளே நாங்கள் ஓசன்னா பாடிக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் வாசலே கதி என்று நின்றேன். பானை சுத்தமாக இருந்தது, ஆனால் கோப்பையைக் கீழே போடும் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். உதட்டால் கனம்பண்ணி, இருதயம் தூரமாய் இருப்பதை ஏசாயா 29:13 சொல்கிறது. கையால் கனம்பண்ணினாலும் அந்தத் தூரம் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ரோமர் 12:1-இல் 'ஆராதனை' என்று நாம் படிக்கிற இடத்தில் கிரேக்கச் சொல் 'லத்ரேயா'. ஊழியம் என்றும் அதற்குப் பொருள் உண்டு. ஒன்றைவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை.

ஆகவே பானை கழுவிய கையோடு, யாரிடம் மனத்தாங்கல் என்று யோசியுங்கள். காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24. அந்த 'போ'வுக்கு நடந்து போவதுதான் சரி, போன் போதாது. போன இடத்தில் காரணம் சொல்லாதீர்கள். நான் காரணம் சொல்லி இரண்டு முறை சண்டையைப் பெரிதாக்கியிருக்கிறேன்.

ஞாயிறு காலை, தமிழ் எழுத்துத் தடுமாறும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் பிள்ளைகளில் சிலர் கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். புத்தகத்தில் வரிக்கு வரி விரல் வைத்துக் காட்டினால், வேகமாக ஓட்டிப் பாடும் உங்கள் பழக்கமும் நிற்கும். ஜெபத்துக்கு மூன்று பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் அந்த மூவரில் ஒருவர் வீட்டுக்குப் போங்கள், பலகாரத்துக்குக் காத்திருக்காமல்.

வெறுங்கையோடு போக வேண்டாம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டின்னில் போடுங்கள். இரண்டு வேளை சமைக்கிற வீட்டில் வாரத்துக்கு இரண்டு பால்டின் அளவு தேறும். அதைக் கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள், தயவுசெய்து.

கோப்பையைச் சங்கிலியில் கட்டலாமா என்று கமிட்டியில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். போன வருஷம் ஏழு கோப்பை தொலைந்தது. அலுமினியக் கோப்பையாக இன்னும் மூன்று வாங்கி வைத்திருக்கிறேன்.